சுவர் நிறைய ஒரு துறைமுகம்

ஜனவரி 19

வீட்டுக்காரருக்கு,

போனை அணைத்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் போட்டுவிட்டேன். கெட்டுப்போய்விட்டதோ என்று மாடி வீட்டு அக்காவின் எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். பாவம், அவருக்கும் வேலை இருக்கிறது. போனில் நான் ஒன்று சொன்னால் நீங்கள் சிரித்து மழுப்புகிறீர்கள். பிறகு நானும் சிரித்துத் தொலைக்கிறேன். வைத்த பிறகு பார்த்தால், சொல்ல வந்தது அப்படியே தொண்டையில் நிற்கிறது. அதனால் இனிமேல் கடிதம்தான். எழுத்து என் கண்ணுக்குத் தெரிகிறவரை.

கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அமுக்கச் சொல்வார்களே, அந்தச் சோதனை. ரொம்ப நேரம் புள்ளியே வரவில்லை. இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்று அங்கிருந்த பெண்ணிடம் சொன்னேன். "வந்துக்கிட்டேதாம்மா இருக்கு," என்றாள்.

ஓரப் பார்வை மொத்தமும் போய்விட்டது என்கிறார் டாக்டர். நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிச்சம். போன வருஷம் வளையல் வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது, இப்போது மோதிரம் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அதற்கு வெளியே ஒன்றுமில்லை. வட்டமும் எப்போது மூடும் என்று கேட்டேன். சிலருக்கு வருஷக்கணக்கில் அப்படியே நிற்கும், சிலருக்குச் சட்டென்று போய்விடும், சொல்ல முடியாது என்றார். பார்க்க வேண்டியதையெல்லாம் இப்போதே பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அதனால் கேட்கிறேன். ஏப்ரலில் உங்கள் வெளிநாட்டு ஒப்பந்தம் முடிகிறது. வந்து என்னை ஒரே ஒரு ஊருக்குக் கூட்டிப்போங்கள். எந்த ஊர் என்று அடம்பிடிக்க மாட்டேன். கல்யாணமான புதிதில் மலைக்குப் போகலாம் என்றீர்கள், லீவு கிடைக்கவில்லை. பிறகு கடலுக்குப் போகலாம் என்றீர்கள், வீடு கட்டினோம். கடைசியில் எல்லாவற்றையும் வயதான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டீர்கள். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும், எதிரே நான் பார்த்தறியாத ஓர் ஊர் இருக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

மருந்துக் கடை வேலை ஓடுகிறது. மாத்திரை அட்டையின் பின்பக்க எழுத்தை என்னைப்போல் வேகமாகப் படிக்க அங்கே இன்னும் ஆளில்லை. பக்கத்தில் ஒருவர் நின்றால்தான் தெரிவதில்லை.

வேறு எதுவும் எழுத வேண்டாம். ஏப்ரலுக்கு மட்டும் பதில் போடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 6

மகாராணிக்கு,

எனக்குக் கடிதம் வந்ததும் குவார்ட்டர்ஸே கூடிவிட்டது. இந்தக் காலத்தில் யாருக்கய்யா கடிதம் வருகிறது என்று வயர்மேன் உறையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். என் அறையில் தங்கியிருக்கிறானே, ஹோட்டல் முழுக்க விளக்கு மாட்டுகிறவன், அவன்தான். மொட்டை மாடிவரை துரத்திப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

கோபித்துக்கொள்ளாதே, உள்ளதைச் சொல்கிறேன். உன் கடிதத்தில் கோடு போடாத தாளில் ஒரு வரிகூடக் கோணவில்லை. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. வயர்மேனிடம் காட்டினேன். "கண்ணு சரியில்லாதவங்க எழுதினதா இது? போய்யா," என்றான். எனக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டர் என்றால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். அந்தப் பெட்டிச் சோதனையில் எனக்கே பாதிப் புள்ளி தெரியாது.

ஏப்ரல் விஷயமாக ஆபீஸில் பேசிக்கொண்டிருக்கிறேன். இந்த ஹோட்டலில் மாடிக்கு ஒரு தேசம் என்று கணக்கு. ஒரு மாடியில் பாலைவனம், அதற்கு மேல் பனிமலை, அதற்கும் மேல் பழைய கோட்டைகள். ஒவ்வொரு அறையிலும் கட்டிலுக்கு மேலே, மேசைக்கு மேலே, குளியலறைக்கு வெளியே என்று படம் மாட்டிக்கொண்டே போகிறேன். காசைச் செலவழித்து ஊர் பார்க்க வந்தவனுக்கு வேறோர் ஊரின் படத்தைக் காட்டுகிறோம். அவனும் சந்தோஷமாகப் பார்க்கிறான். இத்தனை தேசம் சுற்றிய நானும் பார்த்தது சுவரைத்தான்.

மாட்டியதுபோக மிஞ்சிய படங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நல்லதாகப் பொறுக்கிப் பார்சல் போட்டிருக்கிறேன். நாம் ஊருக்குப் போகிறவரை ஊர் நம் வீட்டுக்கு வரட்டும். எடுத்தவுடன் ஆணி அடித்துவிடாதே. படங்களைத் தரையில் பரப்பி எது பக்கத்தில் எது என்று முடிவு செய். பிறகு செய்தித்தாளை அதே அளவுக்கு வெட்டிச் சுவரில் டேப் போட்டு ஒட்டு. இரண்டு நாள் வந்து போய்ப் பார். மனசுக்குப் பிடித்தால்தான் துளை. சாய்வு பார்க்கிற ரசமட்டம் என் பெட்டியில் இருக்கிறது. படத்தின் நடுப்பகுதி கண் மட்டத்துக்கு வர வேண்டும், அதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம்.

தைரியமாக இரு. போனை எடு.

உன் சுவர்க்காரன்


மார்ச் 2

வீட்டுக்காரருக்கு,

பார்சல் வந்தது. நீங்கள் சொன்னபடியே செய்தித்தாள் வெட்டி ஒட்டினோம். இரண்டு நாளும் வீடு முழுக்கப் பழைய செய்தி தொங்கியது. மாட்டும்போது எனக்கும் மாடி வீட்டு அக்காவுக்கும் பெரிய தகராறு. கண் மட்டம் என்று எழுதியிருக்கிறாரே, யார் கண் மட்டம் என்று அக்கா கேட்டார். அவர் ஒட்டகச்சிவிங்கி, நான் குள்ளம். மாட்டப்போவது உன் வீட்டில், பார்க்கப்போவது உன் கண், உன் மட்டத்துக்கே மாட்டிக்கொள் என்று சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்தார் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கம் எனக்குத் தெரியவில்லை.

கூடம் இப்போது பார்க்க ஜம்மென்று இருக்கிறது. வருகிறவர்கள் டிராவல்ஸ் ஆபீஸா இது, டிக்கெட் இங்கே போடலாமா என்று கேலி செய்கிறார்கள். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அந்தச் சின்னத் துறைமுகப் படம்தான், உள்ளங்கை அகலம் இருக்குமே அது. சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் அது முழுசாக என் வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. படகு, கயிறு, கல் படிக்கட்டு, ஓரத்தில் ஒரு மஞ்சள் வீடு, எல்லாம் ஒரே பார்வையில். மற்றவை பெரிய படங்கள், துண்டு துண்டாகத்தான் தெரிகின்றன. பனிமலையில் எனக்கு வெள்ளை மட்டும்தான் கிடைத்தது. தினமும் காலையில் துறைமுகத்துக்கு ஒரு நடை போய்விட்டுத்தான் கடைக்குக் கிளம்புகிறேன்.

கடையில் ஒருவர் காலை மிதித்துவிட்டேன். "கண்ணு தெரியலையா?" என்று கத்தினார். தெரியவில்லைதான் என்று சொல்லிவிட்டு, அவர் நீட்டிய மருந்தின் காலாவதி தேதியைக் கையில் வாங்குமுன்பே படித்துச் சொன்னேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்து இன்னும் கத்தினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எறும்பு எழுத்தைப் படிக்கிறவளுக்கு எதிரே நிற்கிற மனிதன் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? கட்டியவரே நம்பவில்லை.

படங்களுக்கு நன்றி. நான் கேட்டது படமில்லை. ஏப்ரல் என்னவாயிற்று?

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 25

மகாராணிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் வர முடியாது. இந்த வேலை இழுத்துக்கொண்டே போகிறது. இதை முடித்ததும் அடுத்த ஹோட்டலுக்கு என்னையே மேஸ்திரியாகப் போடுகிறார்கள். இத்தனை வருஷம் ஏணி தூக்கியதற்கு இப்போதுதான் ஒரு மரியாதை வருகிறது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் ஜூனில் ஒரு வாரம் லீவு எழுதி வாங்கிவிட்டேன். அந்த ஒரு வாரத்தில் உன்னை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போகிறேன். இது சத்தியம்.

போனை எடுக்காமல் நீ செய்வது நியாயமே இல்லை. சண்டை போடுவதற்காவது ஒரு குரல் வேண்டாமா? ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் வீட்டோடு பேசுகிறார்கள். நான் குழாயடியில் தட்டைக் கழுவிக்கொண்டே இருக்கிறேன்.

துறைமுகம் உனக்குப் பிடித்தது என்று படித்ததும் துள்ளிவிட்டேன். ஏன் தெரியுமா? அது நாங்கள் அடுத்துப் போகிற ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறதாம். படத்தின் பின்பக்கம் பெயர் அச்சடித்திருந்தது நினைவிருந்தது, விசாரித்தேன். வயர்மேனையும் இழுத்துக்கொண்டு ஒரு நாள் போகப்போகிறேன். இத்தனை வருஷத்தில் ஆணி அடிக்காமல் நான் பார்க்கப்போகிற முதல் ஊர் அதுதான்.

ஒரு உதவி செய். சோபாவுக்கு எதிர்ச்சுவரின் நீளத்தையும் உயரத்தையும் அளந்து எழுது. எதற்கு என்று கேட்காதே.

உன் சுவர்க்காரன்


ஏப்ரல் 17

உங்களுக்கு,

வேலை போய்விட்டது. முதலாளி நல்ல மனிதர். உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்துவிட்டுச் சொன்னார். டீ வந்தபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நடைவழியில் வைத்திருந்த சிரப் பெட்டியின்மேல் மோதி அத்தனை பாட்டிலையும் உடைத்துவிட்டேன். மருந்து வாங்க வந்த ஓர் அம்மா அதில் வழுக்கி விழுந்தார். கையை ஊன்றிக்கொண்டதால் தப்பித்தார். என் கண்முன்னால் விழுந்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது.

இனிமேல் காலையில் எனக்குப் போக ஓரிடம் இல்லை. வீட்டுக்குள்ளேயே நிலைப்படியில் இடித்துக்கொண்டு, நாற்காலியில் இடித்துக்கொண்டு திரிகிறேன். சாயங்காலம் வெளிச்சம் குறைந்தால் அதுவும் இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது.

உங்களுக்கும் பயம்தான். எனக்குத் தெரியும். மேஸ்திரி வேலை, இழுத்துக்கொண்டு போகிறது என்பதெல்லாம் அப்புறம். நான் தடுமாறுவதைப் பார்க்க உங்களுக்குத் தெம்பில்லை. அங்கேயே இருந்தால் நான் பழைய ஆளாகவே இருப்பேன் என்று நினைக்கிறீர்கள். முன்பெல்லாம் பேச்சுக்குப் பேச்சு 'கண்ணு' என்பீர்கள். நோய் இன்னதென்று தெரிந்த நாளிலிருந்து அந்தச் சொல்லையே காணோம். என்னை மகாராணி ஆக்கிவிட்டீர்கள். கவனிக்க மாட்டேன் என்று நினைத்தீர்களா?

சுவரின் அளவை அக்கா எடுத்தார், இத்துடன் இருக்கிறது. எனக்குச் சுவர் வேண்டாம். ஜூன் வாரத்தைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.


மே 10

கண்ணு,

எழுதிவிட்டேன் பார். அதற்குள் மூன்று தாளைக் கிழித்துப் போட்டது உண்மைதான். அதற்காக நான் பயந்து ஒளிந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லாதே. வேலை போனதைப் படித்து அன்று சாப்பிடவில்லை. அந்த முதலாளியின்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு, எதிரே இருந்திருந்தால் அந்த டீயை அவர் தலையில் ஊற்றியிருப்பேன்.

இப்போது நல்ல செய்தி சொல்கிறேன். துறைமுகத்துக்குப் போய்விட்டு வந்தேன். நீ சொன்ன படகு, கயிறு, கல் படிக்கட்டு எல்லாம் அப்படியே இருக்கிறது. மஞ்சள் வீட்டுக்கு மட்டும் இப்போது பச்சை அடித்திருக்கிறார்கள். படிக்கட்டில் நின்றபோது நீ பக்கத்தில் இல்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. வயர்மேனை விட்டு என்னைப் படமெடுக்கச் சொன்னேன். நான் படியில் நிற்கிறேன், பின்னால் மொத்தத் துறைமுகமும்.

அந்தப் படத்தைச் சுவர் அளவுக்கு அச்சடித்துவிட்டேன். ஹோட்டல் வரவேற்பறையில் ஒட்டுவோமே, தாள் பட்டை பட்டையாக வரும், சேர்த்து ஒட்டினால் ஒட்டுத் தெரியாது, அது. பனிமலை துண்டு துண்டாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாய் அல்லவா? படம் போதாது, இன்னும் பெரிதாக இருந்தால்தான் உன் கண்ணுக்கு நோகாது என்று எனக்குப் பட்டது. இனி நீ எதையும் உற்றுப் பார்த்துத் தேட வேண்டாம். கையை விரித்தாலும் அடங்காது. நானும் சுவர் உயரத்துக்கு நிற்கிறேன். பக்கத்தில் நான், எதிரே ஊர், நீ கேட்டபடியே.

ஒரு விஷயம். அச்சுக்கூட மேனேஜர் சும்மா செய்து தரவில்லை. அவருடைய புதுக் கட்டிடம் முழுக்க நான் படம் மாட்டித் தர வேண்டும் என்றார். ஜூன் லீவு வாரத்தை அதற்குக் கொடுத்துவிட்டேன். திட்டாதே. ஒரு வாரம் என்றால் வந்து இறங்கிப் பெட்டியைப் பிரிப்பதற்குள் ஓடிவிடும். இது வருஷக்கணக்கில் சுவரில் இருக்கும். யோசித்துப் பார், நான் செய்தது சரி என்று உனக்கே படும்.

அந்த அச்சுக்கூடத்தின் நம் ஊர்க் கிளையிலிருந்து இரண்டு பேர் வந்து ஒட்டிக்கொடுப்பார்கள். ஒட்டியதும் எழுது. நீ என்ன சொல்லப்போகிறாய் என்று தெரியும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது.

உன் சுவர்க்காரன்


ஜூன் 12

உங்களுக்கு,

ஒட்டிவிட்டுப் போனார்கள். சுவர் வழவழவென்று இருக்க வேண்டுமாம். அதனால் பழைய படங்களைக் கழற்றித் துளைகளை அடைத்து, பட்டி பூசித் தேய்த்துவிட்டார்கள். நான் சமையலறையில் இருந்தேன். கழற்றியதில் சின்னத் துறைமுகத்தின் கண்ணாடி உடைந்து, படத்தின்மேல் பசை கொட்டிவிட்டது. குப்பையோடு கொண்டுபோய்விட்டார்கள். பெரியது வந்த பிறகு சின்னது எதற்கு என்று கேட்டார்கள்.

அக்கா வந்து பார்த்து வாயைப் பிளந்தார். "உன் வீட்டுக்காரர் உயிரோட நிக்கிற மாதிரியே இருக்கும்மா," என்றார். தெருவில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டார்கள். எல்லோரும் நான் கொடுத்துவைத்தவள் என்கிறார்கள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். சோபாவில் உட்கார்ந்தேன், நீலம் தெரிந்தது. தலையைத் திருப்பினேன், மறுபடியும் நீலம். கொஞ்சம் கயிறு வந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனால் படகு வரும் என்று போனேன், ஒரு பலகை வந்தது, பிறகு தண்ணீர். தூரத்தில் நின்றால் வட்டத்துக்குள் அதிகம் அடங்கும். பின்னால் நகர்ந்து நகர்ந்து எதிர்ச்சுவரில் முதுகு இடித்துவிட்டது. வாசலுக்குப் போனேன். தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் வீட்டுக்குள் இருட்டு, எனக்கு இருட்டில் ஒன்றும் தெரியாது. நான் என் வீட்டையே ஒளிந்து பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

திரும்பி வந்து உங்களைத் தேடினேன். ஒரு கை கிடைத்தது. கையிலிருந்து சட்டை, சட்டையிலிருந்து கழுத்து என்று ஏறினேன். மீசை வந்தது. மீசையிலிருந்து கண்ணுக்குப் போனால் மீசை போய்விடுகிறது. கண்ணைப் பிடித்துக்கொண்டால் வாயில்லை. உங்கள் முகம் என் வட்டத்தைவிடப் பெரிது. நாள் பூராவும் நின்று பார்த்தேன், ஒரு முறைகூட அது உங்கள் முகமாகச் சேரவில்லை. சிரிக்கிறீர்களா என்று அக்காவிடம்தான் கேட்டேன். சிரிக்கிறீர்களாம்.

சின்னது முழுசாகத் தெரிகிறது என்று எழுதினேனே. அதை எப்படிப் படித்தீர்கள்? ஒரு பாஸ்போர்ட் போட்டோ போதும், அதில் நீங்கள் முழுசாக இருப்பீர்கள். இல்லாவிட்டால் நீங்களே வந்து கூடத்தின் அந்தக் கோடியில் நின்றால் போதும். உங்கள் முகத்தை முழுசாகப் பார்த்துக்கொள்வேன். ஒரு வாரம் என்ன, ஒரு நாள் போதும். பெட்டியைப் பிரிக்கக்கூட வேண்டாம். அந்த வாரத்தைக் கொடுத்து இந்தச் சுவரை வாங்கியிருக்கிறீர்கள்.

போன வாரத்திலிருந்து வட்டத்துக்கு நடுவிலும் கறை மாதிரி ஒன்று வந்து வந்து போகிறது. இந்தக் கடிதத்தை வெயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். வரி கோணியிருந்தால் வயர்மேனிடம் காட்டுங்கள்.


ஜூலை 1

கண்ணு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒன்றும் ஓடவில்லை. வரி கோணியிருந்தது. வயர்மேனிடம் நானாகக் காட்டவில்லை, அவனே வாங்கிப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் வேலைக்குப் போகும்போது ஒரு கண்ணைத் துணியால் கட்டினேன். இன்னொரு கண்ணில் போல்ட்டுக்குப் போடும் ஒரு வாஷரை வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டிக்கொண்டேன். அதன் ஓட்டை வழியாகத்தான் அன்று முழுக்கப் பார்ப்பது என்று வைராக்கியம். பையன்கள் சிரித்தார்கள். கையில் சுத்தியல் இருக்கிறது, ஆணி இருக்கிறது, சுவர் இருக்கிறது, மூன்றும் ஒன்றாகச் சேரவில்லை. ஏணியிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியை விட்டுச் சறுக்கி விழுந்தேன். குளியலறைக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். நீ எழுதியிருந்தது போலத்தான், மீசை வந்தால் கண் இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். நான் செய்தது அன்புதான் கண்ணு, ஆனால் அதில் உன் கண் எங்கேயும் இல்லை. என் கண்ணுக்கு எது நன்றாக இருக்குமோ அதை உன் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

நீ எழுதிய பயமும் உண்மை. உன்னைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய நாள் வரும் என்று நினைத்தாலே ஏதாவது ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

அன்றே ஆபீஸுக்குப் போய் ஊருக்கு விடச் சொன்னேன். மேஸ்திரியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டாய், ஆகஸ்ட் கடைசியில் புது ஆள் வந்து பொறுப்பெடுத்த பிறகுதான் பாஸ்போர்ட் கைக்கு வரும் என்றார்கள். ஆபீஸ் மேனேஜர் காலில் விழுந்தேன். வெட்கமாக இல்லை. "எழுந்திரிய்யா, நாலு பேர் பாக்கறாங்க," என்றார், அவ்வளவுதான். நாளைக்கும் போவேன், மறுநாளும் போவேன்.

இத்துடன் பாஸ்போர்ட் போட்டோ வைத்திருக்கிறேன். நேற்று எடுத்தது. வெளிச்சமான இடத்தில் வைத்துப் பார், முழுசாக வருவேன். கொஞ்சம் நரைத்துவிட்டேன், பயப்படாதே. அந்தக் கறை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். நான் வந்துவிடுகிறேன், வந்து கூடத்தின் கோடியில் நிற்கிறேன்.

உன்னுடையவன்


ஜூலை 24

வீட்டுக்காரருக்கு,

இதை மாடி வீட்டு அக்கா எழுதுகிறார், நான் சொல்கிறேன். அதனால் உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டிய சிலதைச் சொல்ல முடியாது. நீங்களும் இனிமேல் எழுதும்போது அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதுவதை வேறொருவர் வாய்விட்டுப் படித்துத்தான் நான் கேட்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்ததும் உறையை நானே பிரித்தேன். அக்கா படிக்கிறேன் என்றார், வேண்டாம் என்றேன். தாள் வெள்ளையாகத் தெரிந்தது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறமாக ஏதோ அசைந்தது. வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னலுக்குப் போனேன், பிறகு வாசலுக்குப் போனேன், பிறகு மொட்டை மாடிக்குப் போகலாம் என்று படியில் கால் வைத்தேன். அக்கா வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது வெளிச்சமும் இருட்டும் தெரிகிறது. ஆள் வந்தால் நிழல் மாதிரி தெரிகிறது, யார் என்று தெரியாது. ஆஸ்பத்திரிக்கும் போய் வந்துவிட்டோம். டாக்டர் இந்த முறை பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்லவில்லை.

வாஷரை ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனீர்கள் என்ற இடத்தில் அக்காவால் மேலே படிக்க முடியவில்லை. நான்தான் தண்ணீர் கொடுத்தேன். செம்பு இருக்கும் இடம் கைக்குப் பழகிவிட்டது. ஏணியிலிருந்து விழுந்தீர்களே, அடி பட்டதா என்று எழுதவே இல்லை. இடுப்பில் பட்டிருந்தால் அலட்சியம் செய்யாதீர்கள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று அக்கா கேட்டார். உங்கள் குரலைக் கேட்டால் உடனே வாருங்கள் என்று என் வாய் சொல்லிவிடும். எதற்காக வரச் சொல்வது என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

போட்டோவும் கிடைத்தது. ரொம்ப நன்றாக வந்திருக்கிறதாம், காதோரம் நரை உங்களுக்கு அழகாகத்தான் இருக்கிறதாம். கையிலேயே வைத்திருக்கிறேன். வழவழப்பான பக்கம்தான் முகம் என்று விரலுக்குத் தெரிகிறது. தலைகீழாகப் பிடித்திருக்கிறேனா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் அக்காவைக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆபீஸில் போய் யார் காலிலும் விழ வேண்டாம். பாஸ்போர்ட்டுக்காகச் சண்டை போடவும் வேண்டாம். எடுத்த வேலையை ஒழுங்காக முடித்து, புது மேஸ்திரி வந்ததும் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, நிதானமாகப் புறப்பட்டு வாருங்கள். இனி அவசரம் ஒன்றும் இல்லை.